ஹெய்ட்டி உணவகத்தில் நான் விட்ட வரிகள்

1

போன மாதம் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி என் கதவைத் தட்டினாள். கையில் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். செவ்வாய்க்கிழமை அங்கே வரச்சொல்லித் தனக்கு ரெர்மின் தந்திருக்கிறார்கள் என்றும், நான் கூட வந்து டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், கதைத்து உதவவேண்டும் என்றும் கேட்டாள்.

"ஏலாது பிள்ளை" என்றேன்.

காரணம் சொல்வேன் என்று அவள் நின்றாள். நான் அரசாங்கப் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். முகம் சுருங்கிப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் தமிழ்க் கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டு நின்றபோது எனக்குக் கேட்கட்டும் என்றே யாரோ சொன்னார்கள். "அவ இப்ப பெரிய ஆள். முந்தியெண்டால் கூப்பிட முதலே வந்து நிப்பா."

அது உண்மைதான். ஜேர்மனியில் பீலெஃபெல்டுக்கு வந்த இந்தப் பதினான்கு வருடங்களில் பிரசவ வார்டிலும் பள்ளிக்கூடத்திலும் அலுவலகங்களிலும் எத்தனையோ பேருக்காக வாய் திறந்திருக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன்னர்தான் நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று இங்கே ஒருவருக்கும் சொன்னதில்லை. ஊரிலிருந்து இதை வாசிக்கும் உங்களுக்குச் சொல்வது சுலபமாக இருக்கிறது. நீங்கள் என்னை மரக்கறிக் கடையில் சந்திக்கப் போவதில்லை.

2

வதனி என் கடைசித் தங்கை. நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. தொண்ணூற்றாறாம் ஆண்டு சித்திரை மாதம் விமான நிலையத்தில் அவள் வெளியே வந்து "அக்கா" என்று கூப்பிட்டபோது நான் அவளைத் தாண்டி வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்துச் சனம் ஒரேயடியாக வெளியேறிய நாட்களில் அப்பாவும் அம்மாவும் வன்னிப் பக்கம் போய்விட்டார்கள். வதனி மட்டும் கொழும்புக்கு வந்து சேர்ந்தாள். அங்கே தங்கியிருந்த இன்னொரு குடும்பத்துத் தாய் அவளைப் பார்த்துப் பிடித்துப்போய், தன் மகனுக்குக் கேட்டார். மகன் நேசன். டுசல்டோர்ஃபில் மீன் மொத்த வியாபாரி ஒருவரிடம் வாகனம் ஓட்டுகிறவர். வதிவிட உரிமை உள்ளவர். படங்கள் கைமாறின. தொலைபேசியில் எல்லாரும் ஓம் சொன்னோம். கலியாணம் பதிந்து எழுதுவதற்கென்று கொடுக்கும் மூன்று மாத விசாவில் வதனி வந்தாள். மூன்று மாதத்துக்குள் எழுதாவிட்டால் திரும்பவேண்டும். திரும்புவது என்றால் எங்கே என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் ஆட்களில்லை. ஊரில் வீடு இருந்ததா என்பதே சந்தேகம்.

நேசன் மூன்று தடவை எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் ஐஸ் போட்ட பெட்டியில் நல்ல மீன். சோபாவின் நுனியில் இருந்துகொண்டு தேத்தண்ணீரைக் குடித்து முடிக்கும் மட்டும் வதனியின் முகத்தை நேராகப் பார்க்கமாட்டார். கூச்சம் என்று நினைத்தேன். பதிவு அலுவலகத்தில் முதல் ரெர்மினுக்கு, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் முத்திரை மங்கல் என்றார். இரண்டாவதற்கு முதலாளி லீவு தரவில்லை என்றார். ஆனி மாதம் முடியப் போகிறபோது விசாவில் பத்தொன்பது நாட்கள் மிச்சமிருந்தன.

வதனி ஒன்றும் கேட்கவில்லை. பின்னேரங்களில் என் மகள் அனுவின் இரண்டாம் வகுப்பு வாசிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு டொச் படித்தாள். அனுவுக்கு அப்போது எட்டு வயது. எனக்குத் தமிழில் பதில் சொல்வதை அவள் விட்டு ஒரு வருடமாகியிருந்தது. சித்திக்கு வேறு வழியில் விளங்காது என்பதால் அவளோடு மட்டும் தமிழ் கதைத்தாள். அந்த இரண்டு பேரும் சமையலறை மேசையில் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டிருப்பதைக் கேட்கும்போதெல்லாம் இந்தக் கலியாணம் கெதியில் நடந்துவிடக் கூடாதே என்றும் ஒரு நினைப்பு வரும். உடனே என்னையே பேசிக்கொள்வேன்.

ஒரு வியாழக்கிழமை நேசன் தொலைபேசி எடுத்தார்.

"அக்கா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வதனியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஒரு இடத்திலை இருந்து சாப்பிட்டுக் கதைப்பம். ஹெய்ட்டி நாட்டுச் சாப்பாடு."

"அது எங்கையப்பா இருக்கு?"

"கியூபாவுக்குப் பக்கத்திலை. இஞ்சை பெரிய பேர் எடுத்த இடமக்கா. மேசை கிடைக்கிறதெண்டால் ஒரு மாதம் காத்திருக்கவேணும்."

மூன்று நாளில் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. திகதி சொல்லப் போகிறார் என்று சந்தோஷப்பட்டேன். வதனிக்கு மாம்பச்சைப் பட்டுச் சேலையை மினுக்கி மடித்துக் கொடுத்தேன்.

3

என் கணவருக்கு அந்த ஞாயிறு வேலை. அனுவைச் சிநேகிதி வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் காலை ரயிலில் டுசல்டோர்ஃபுக்குப் புறப்பட்டோம். ரயிலில் ஒருவர் வதனியின் சேலையைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்து "குட்டன் மோர்கன்" என்றாள். எனக்கு அந்தச் சத்தமான காலை வணக்கம் வெட்கமாக இருந்தது.

உணவகத்தின் வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். நல்ல உடுப்புப் போட்ட டொச்சுக்காரர்கள். இடமில்லை என்று சொன்ன பிறகும் போகாமல் நின்றார்கள். நேசன் எங்களை அவர்களுக்கு நடுவாலே உள்ளே கூட்டிக்கொண்டு போனார். வெள்ளைத் துணி விரித்த மேசைகள். நீல நிறத்தில் கடலும் படகுகளும் வரைந்த பெரிய படங்கள். நாங்கள் இருந்தது சமையலறைக் கதவுக்கு மிக அருகில். நாலு கதிரை போட்டிருந்தது. நாங்கள் மூன்று பேர்.

பரிமாறுகிற பெடியன் உணவுப் பட்டியல் கொண்டு வந்தான். எனக்கும் வதனிக்கும் தந்ததில் விலை போட்டிருக்கவில்லை. நேசனிடம் இருந்ததில்தான் விலை. பெண்களுக்கு அப்படித்தான் கொடுப்பார்களாம். விலை தெரியாத சாப்பாட்டை எப்படித் தெரிவு செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. "நீங்களே சொல்லுங்கோ" என்று நேசனிடம் விட்டேன். அவர் பட்டியலைப் பார்க்காமலே ஏழெட்டுப் பெயர்கள் சொன்னார். அவருடைய சட்டைக் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது.

முதலில் சின்ன வடை மாதிரி ஒன்று வந்தது. ஏதோ கிழங்கைத் துருவிப் பொரித்தது. கூடவே முட்டைக்கோவாவும் கரட்டும் மிளகாயும் வினாகிரியில் ஊறவைத்த கிண்ணம். "கவனம், மிகவும் உறைக்கும்" என்று பெடியன் எச்சரித்தான். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் அதில் ஒரு நுனி தின்றுவிட்டுக் கண்ணீர் துடைத்துக்கொண்டிருந்தார். வதனி கரண்டியால் அள்ளி வாயில் போட்டாள். "நல்லாயிருக்கக்கா. கொச்சிக்காய் எங்கட மாதிரி" என்றாள். கொழும்பிலிருந்து வந்தபிறகு அவள் ஆசையாகச் சாப்பிட்டதை அன்றைக்குத்தான் கண்டேன்.

அப்போது அந்தப் பெடியன் குனிந்து நேசனிடம் டொச்சில் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் பக்கத்தில் இருந்தது நான்.

"முதலாளியம்மா சொல்லச் சொன்னா, சூப் முடிய வாறாவாம். உங்கட சின்னவள் மேலே நித்திரை."

நேசன் நிமிரவில்லை. நான் வடையைக் கீழே வைத்தேன். வதனி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்த முகத்தை மாற்றாமல், சாப்பாட்டைப் பற்றி விசாரிக்கிற குரலில், நேசனிடம் டொச்சில் கேட்டேன்.

"யாருடைய சின்னவள்?"

அவரும் டொச்சிலேயே பதில் சொன்னார். "என்னுடைய. மூன்று வயது."

"தாய்?"

"இந்த உணவகம் அவளுடையது. பெயர் ரோஸ்லின். ஹெய்ட்டிக்காரி."

"எத்தனை வருடம்?"

"ஐந்து. நான் மீன் கொண்டுவந்து இறக்குவேன். அப்படிப் பழக்கம்."

சூப் வந்தது. பூசணிக்காய் கரைத்த மஞ்சள் சூப், இறைச்சியும் கிழங்கும் போட்டது. அவர்கள் நாட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லார் வீட்டிலும் இதுதான் என்று பெடியன் வதனிக்கு விளங்கப்படுத்தினான். அவள் தலையாட்டினாள். நான் ஒரு கரண்டி வாயில் வைத்தேன். சூடு மட்டும் தெரிந்தது.

4

இருபது நிமிடம் அப்படியே போயிருக்கும். நானும் நேசனும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு டொச்சில் சண்டை பிடித்தோம். இடையிடையே வதனிக்காகத் தமிழில் ஒரு வரி. "இது சங்குச் சதையாம், சாப்பிடு." "இந்தக் கறுப்புச் சோறு ஏதோ காளானிலை ஊறவைச்சது." பிறகு மறுபடியும் டொச்.

நேசன் சொன்னது இதுதான். தாய்க்குப் பயந்து ஐந்து வருடமாக ஒன்றும் சொல்லவில்லை. பெண் பார்த்திருப்பதாகத் தாய் சொன்னபோது தொலைபேசியில் மௌனமாக இருந்தார். அங்கே அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார்கள். விசாப் பத்திரங்கள் வந்தபோது கையெழுத்துப் போட்டார். ஒரு பெண்ணாவது அந்த இடத்தை விட்டு வெளியே வரட்டும் என்று நினைத்தாராம். ரெர்மின்களைத் தள்ளிப்போட்டதும் அவர்தான். போன கிழமை பதிவு அலுவலகத்துக் கடிதம் ரோஸ்லினின் கையில் அகப்பட்டுவிட்டது. "அந்தப் பெண்ணை இங்கே கூட்டிக்கொண்டு வா, என் மேசையில் வைத்து உண்மையைச் சொல்லு" என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

"சொல்லுங்கோவன். ஏன் எனக்குச் சொல்லுறீங்கள்?" என்று நான் டொச்சை மறந்து தமிழில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்தேன். வதனி சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

நேசன் குரலை இன்னும் இறக்கினார். "என்னிடம் ஒரு வழி இருக்கிறது. கடுதாசிக்கு மட்டும் எழுதுகிறேன். உங்கள் தங்கைக்கு விசா கிடைக்கும். மூன்று வருடம் என் விலாசத்தில் பதிந்திருக்கட்டும். பிறகு பிரிந்துவிடலாம். ரோஸ்லினுக்கு இது தெரியக்கூடாது. எழுதவே இல்லை என்று சொல்லிவிடுவேன்."

இங்கேதான் நான் நேர்மையாக எழுதவேண்டும். எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது மாதிரி இருந்தது. பத்தொன்பது நாள். கொழும்பு. ஒவ்வொரு சந்தியிலும் அடையாள அட்டை. லொட்ஜ் கதவைப் பொலிஸ் தட்டும் இரவுகள் பற்றி வதனி சொன்னவை. இந்த மனிதன் கெட்டவனாகவே இருக்கட்டும், கடுதாசி நல்லது. மனதுக்குள் ஓம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்றுதான் அடுத்ததாக யோசித்தேன்.

வதனி தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளாசை வைத்தாள்.

"அக்கா, நீங்கள் ரெண்டு பேரும் தமிழிலையே சண்டை பிடியுங்கோ. பாஷை விளங்காட்டிலும் எனக்கு முகம் விளங்கும்."

நேசன் என் பக்கம் பார்த்தார்.

"இவருக்குப் பிள்ளை இருக்கோ?" என்று என்னிடம் கேட்டாள். "க்ளைனெ எண்டு அந்தப் பெடியன் சொன்னது கேட்டுது. சின்னவள் எண்டு அனுவின்ரை புத்தகத்திலை இருக்கிற சொல்லுத்தானே. பிறகு நீங்களும் அதையே கேட்டனீங்கள்."

நேசன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் தமிழில் சொன்னார். அவளுக்குச் சொல்லும்போது எனக்குச் சொன்னதைவிடக் குறைவான சொற்கள்தான் இருந்தன. கடைசியில் கடுதாசி விஷயத்தையும் சொன்னார்.

அவள் அழவில்லை. முகம் மட்டும் கறுத்தது. பட்டுச் சேலையின் முந்தானையை எடுத்து மடியில் வைத்து மடித்தாள்.

"ஓமெண்டு சொல்லு பிள்ளை" என்றேன் நான். "வேறை வழியில்லை. கடுதாசிதானே."

"அவவுக்குத் தெரியுமோ?"

"தெரியத் தேவையில்லை" என்றார் நேசன்.

"நான் உங்களைக் கேக்கேல்லை. அக்காவைக் கேட்டனான்."

சமையலறைக் கதவு திறந்தது.

5

ரோஸ்லின் நல்ல உயரம். வெள்ளைச் சமையல் கோட்டு, தலையில் இறுகக் கட்டிய துணி. நாற்பது வயதிருக்கும். அவள் வந்ததும் மற்ற மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிச் சிரித்தார்கள், ஒருவர் கை தட்டினார். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. நாலாவது கதிரையை இழுத்து வதனிக்கு நேரே இருந்தாள்.

"நீதானா?" என்றாள். அவளுடைய டொச் பிரெஞ்சுக் குரலில் உருண்டு வந்தது. என்னுடையதைவிடப் பெரிதாகத் திறமில்லை. அது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

வதனி என் பக்கம் திரும்பினாள். "நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோக்கா." பிறகு ரோஸ்லினைப் பார்த்தபடி தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

"நான் உங்கட வீட்டுக்குள்ளை தெரியாமல் கால் வைச்சிட்டன். உங்களைப் பற்றி எனக்கு இந்த மேசையிலை இருந்துதான் தெரியும். எனக்கு விசா முடியப் போகுது. இவர் என்னைக் கடுதாசிக்கு மட்டும் கலியாணம் எழுதுறன் எண்டுறார். உங்களுக்கு ஒளிச்சுச் செய்யலாமெண்டுறார். உங்களுக்குத் தெரியாமல் நான் அதுக்கு ஓமெண்டு சொல்லமாட்டன். நீங்கள் என்ன நினைக்கிறீங்கள் எண்டு கேக்கவேணும்."

நான் டொச்சில் சொன்னேன். "என் தங்கை உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை."

நேசன் மூச்சு விட்டார். அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. நானும் அவரும் ஒரே பக்கத்தில் நின்றோம் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ரோஸ்லின் வதனியின் கையைத் தொட வந்தாள். வதனி கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நான் சொன்னது நீளம். நீங்கள் சொன்னது கட்டை."

"அதே விஷயந்தான்..."

"பாப்பியர் எண்ட சொல்லு அதுக்குள்ளை வரேல்லை."

நான் வாய் திறக்க முதல் அவள் ரோஸ்லினிடம் நேரே சொன்னாள். ஒவ்வொரு சொல்லாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்துக் கூட்டுகிற மாதிரி. "எர் ஹைராட்டன் மிஷ். நூர் பாப்பியர். தூ நிஷ்ட் விஸ்ஸன்." அவர் என்னைக் கலியாணம் எழுதுவார். வெறும் கடுதாசி. உனக்குத் தெரியாமல். ஒரு வினைச்சொல் கூட இருக்கவேண்டிய இடத்தில் இருக்கவில்லை. விளங்காமல் போக அதில் ஒன்றும் இருக்கவுமில்லை.

ரோஸ்லின் நேசனைப் பார்த்தாள். "உண்மையா?"

அவர் தலையாட்டினார்.

அவள் கை மேசைத் துணியைப் பிடித்த பிடியில் கிண்ணங்கள் அசைந்தன. அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். பக்கத்து மேசைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு துணியை விட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்.

"இதை முழுக்கச் சொல்லு. நானும் கடுதாசியில் வந்தவள்தான். என்னைவிட இருபத்தைந்து வயது கூடிய ஒரு டொச்சுக்காரன். மூன்று வருடம் அவன் வீட்டில் என் பல்துலக்கி இருக்கிறதா என்று அலுவலகத்தார் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அவன் கோபித்தால் நான் நாட்டை விட்டுப் போகவேண்டும். அவனுக்கும் அது தெரியும். உன் தங்கைக்கு வேறு வழி இல்லையென்றால் எழுதட்டும். நான் மூன்று வருடம் பார்க்காத மாதிரி இருப்பேன். இவனை நான் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன்."

நான் முழுக்கச் சொன்னேன். இம்முறை ஒரு சொல்லும் விடவில்லை. எனக்கு வேண்டிய பதிலாக இருந்தபடியால்தான் விடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். மேசைக்குக் கீழே வதனியின் தொடையைக் கிள்ளினேன்.

"கிள்ளாதேங்கோ அக்கா" என்றாள் சத்தமாக. "மூண்டு வருசம் ஆராவது கதவைத் தட்டேக்கை இவவும் அந்தப் பிள்ளையும் ஒளிச்சு நிக்கவேணும். நாலு வயசிலை அந்தப் பிள்ளைக்குத் தகப்பனைத் தெரியாதெண்டு சொல்லப் பழக்கவேணும். எனக்கு ஏலாது. இதையும் சொல்லுங்கோ."

சொன்னேன். கோபத்தில்தான். இந்த உலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே கதவை என் வாயாலேயே பூட்ட வைக்கிறாளே என்ற கோபம்.

வதனி நேசனிடம் திரும்பினாள். "நீங்கள் எனக்கு ஒரு உதவி செய்யவேணும். இப்பவே உங்கட அம்மாவுக்குப் போன் எடுங்கோ. நான் திரும்பி வந்தாலும் வராட்டிலும், கலியாணம் குழம்பினது என்னாலை எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது."

சமையலறைக்குப் போகும் நடையில் சுவரோடு தொலைபேசி இருந்தது. நாலு பேரும் அங்கே போய் நின்றோம். பாத்திரங்கள் சத்தம் போட்டன. பொரித்த பன்றியிறைச்சியின் வாசம். கொழும்பில் தாய் தங்கியிருந்த லொட்ஜுக்குக் கீழே இருந்த கடைக்கு நேசன் எடுத்தார். அங்கே பின்னேரம். ஆளைக் கூட்டி வரும் மட்டும் காத்திருந்தோம். தாய் வந்ததும், "அம்மா, சாப்பிட்டீங்களோ? கால் நோவு எப்பிடி? இஞ்சை நல்ல வெயில்" என்று நேசன் கதைத்துக்கொண்டே போனார். வெயிலைப் பற்றி இரண்டாம் முறை சொன்னபோது வதனி றிசீவரைக் கையிலிருந்து வாங்கினாள்.

"மாமி, நான் வதனி. சுகமா இருக்கிறன். உங்கட மகன் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேணும். தொடங்கத் தெரியாமல் நிக்கிறார். நான் பக்கத்திலைதான் நிக்கிறன். முழுக்கக் கேளுங்கோ."

திருப்பிக் கொடுத்தாள். நேசன் சொன்னார். சுவரைப் பார்த்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. பதில்கள் மட்டும் கேட்டன.

"அஞ்சு வருசம்... ஓம் அம்மா... இல்லை, வெள்ளைக்காரி இல்லை... எங்களைவிடக் கறுப்பு... பொம்பிளைப் பிள்ளை... மூண்டு வயசு."

பிறகு அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ரோஸ்லினுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவர் றிசீவரைப் பொத்திக்கொண்டு வதனியைப் பார்த்தார்.

"அம்மா அழுறா. உங்களோடை கதைக்கவேணுமாம்."

"நாளைக்கு நானே எடுக்கிறன் எண்டு சொல்லுங்கோ" என்றாள் வதனி. "இப்ப ஏலாது."

சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். ரோஸ்லின் அதைக் கண்டாள். அவளைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போய், ஒரு வாங்கில் இருத்தி, தண்ணீர் கொடுத்தாள். பிறகு கோட்டுப் பையிலிருந்து ஓர்டர் எழுதும் துண்டை எடுத்து ஒரு பெயரும் இலக்கமும் எழுதினாள். வெள்ளிக்கிழமைகளில் அங்கே சாப்பிட வரும் ஒரு பெண் வக்கீல். "என் பெயரைச் சொல்லு. நாளைக் காலையே" என்றாள். அதை என்னிடம் தராமல் வதனியின் கையில் வைத்தாள்.

6

ரயிலில் வதனி யன்னலோரம் இருந்தாள். நான் அழுதேன், ஏசினேன், அம்மாவுக்கு என்ன சொல்வேன் என்றேன். கடைசியில் அவள் திரும்பினாள்.

"நேசனிலை எனக்குக் கோவமில்லையக்கா. அவர் ஆர் எனக்கு? நீங்கள்தான் நான் சொன்னதைப் பாதியாக்கினனீங்கள்."

"உன்ரை நன்மைக்குத்தான்."

"தெரியும். அதுதான் பயமாயிருக்கு."

அதற்குப் பிறகு நான் யாருக்காகவும் மொழிபெயர்க்கவில்லை. அதுவரை மொழிபெயர்த்தவற்றையும் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். டாக்டர் சொன்னதை நோயாளிக்கு மென்மையாக்கிச் சொன்னவை. ஆசிரியை சொன்னதைத் தாய்க்குச் சுருக்கிச் சொன்னவை. எல்லாம் நன்மைக்குத்தான். அதுவரை யாரும் என்னைக் கையும் களவுமாகப் பிடித்ததில்லை.

வக்கீலின் சொற்படி வதனி அகதி விண்ணப்பம் கொடுத்தாள். பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் தள்ளி ஒரு சின்ன ஊரில் அகதி விடுதியில் போட்டார்கள். ஒரு அறையில் நாலு பெண்கள். அனுமதி இல்லாமல் அந்த மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. விசாரணை நாளில் நான் வாசல் வரைக்கும் போனேன். "நீங்கள் வெளியிலை இருங்கோ" என்றாள். முதல் பதில் மறுப்பு. வக்கீல் நீதிமன்றத்துக்குப் போனார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முத்திரை குத்துகிற கடுதாசியோடு இரண்டரை வருடம் போனது. அனு ஒவ்வொரு வாரமும் அவளுக்குக் கடிதம் எழுதினாள், தமிழில். நேசனும் ரோஸ்லினும் ஒரு தடவை பிள்ளையோடு விடுதிக்குப் போய்ப் பார்த்தார்களாம். மற்றபடி அவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது.

இந்த வருடம் பங்குனியில் ஒரு சனிக்கிழமை நான் விடுதிக்குப் போனபோது அவளுடைய மேசையில் ஒரு தடித்த கடித உறை இருந்தது. வக்கீல் அனுப்பியது. நீதிமன்றத் தீர்ப்பு.

"நேற்று வந்தது. உடைக்கேல்லை. நீங்கள் பக்கத்திலை இருக்கவேணும் எண்டு வைச்சிருந்தனான்" என்றாள். "வாசிக்கிறது நான்."

எனக்கு எதிரே இருந்து உறையைக் கிழித்தாள். அகராதியை விரித்து வைத்தாள். பென்சிலை எடுத்தாள். முதல் பக்கத்தில் இலக்கங்கள், பெயர்கள், விலாசங்கள். ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படித்தாள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். தலைகீழாக இருந்தாலும் எனக்கு எழுத்துத் தெரிந்தது. நடுவில் தனியாக உள்ளே தள்ளி அச்சடித்த ஐந்து வரிகள். இத்தனை வருடமாக எத்தனை பேருடைய கடிதங்களைப் பார்த்திருக்கிறேன், எங்கே பார்க்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரே பார்வையில் வாசித்து முடித்தேன்.

கையை மேசைக்குக் கீழே கொண்டுபோய் இறுகக் கோர்த்துக்கொண்டேன்.

அவள் மேலேயிருந்து ஒவ்வொரு சொல்லாக வந்தாள். ஒரு சொல்லுக்கு அகராதியில் மூன்று அர்த்தம் இருந்தது. மூன்றையும் பென்சிலால் எழுதினாள். நான் யன்னலைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், அவளுடைய உச்சியைப் பார்த்தேன். அடுத்த அறையில் யாரோ பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தார்கள். அரை மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது. முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது என்று நாடியை இறுக்கியதில் பல் நொந்தது.

பென்சில் நின்றது. அவள் அந்த ஐந்து வரியை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அக்கா," என்றாள். "என்னை இருக்க விடச் சொல்லியிருக்கினம்."

"அப்பிடியோ?" என்றேன்.